போர்ட்டைக் குடைவதற்கு முன்

1993-இல் வந்த டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ டர்போ என்ஜினுக்கு வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய சிலிண்டர் ஹெட், 24 வால்வுகள். அதன் குதிரைத்திறனைக் கூட்ட நினைப்பவர்களில் பலர், முதல் வேலையாக ஹெட்டைக் கழற்றி, காற்று போய்வரும் பாதையான போர்ட்டைக் குடையக் கொடுத்துவிடுகிறார்கள். வீண் அவசரம்.

டர்போ இல்லாத என்ஜின் காற்றைத் தானே உறிஞ்ச வேண்டும். அங்கே போர்ட்டின் வடிவம்தான் உயிர்நாடி. டர்போவோ காற்றை அழுத்தித் திணிக்கிறது. ஆகவே ஹெட்டுக்கு வரும் சோதனை அழுத்தமும் சூடும்தான். 34 மி.மீ. இன்டேக் வால்வின் முதுகில் 2 பார் பூஸ்ட் ஏறினால், அதைத் திறக்கப் பார்க்கும் விசை ஏறத்தாழ 18 கிலோ! ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு நேரத்துக்கு மூடாது. அதிவேகத்தில் என்ஜின் தடுமாறும்.

முதலில் ஹெட்டின் அடிப்பரப்பு சமமாக இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் ஃபேசிங் போட வேண்டும். அடுத்து பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட், உறுதியான ஸ்டட்கள். பிறகே ஸ்பிரிங்கும், சூடு தாங்கும் இன்கோனல் எக்ஸாஸ்ட் வால்வும்.

கேம்ஷாஃப்டை டர்போவின் அளவுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். அளவு மீறினால் குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும்.

குடைவது கடைசி. கை தவறித் தண்ணீர்ப் பாதை ஓட்டையானால் ஹெட்டே போச்சு. முன்னும் பின்னும் காற்றோட்டத்தை ஃப்ளோ பெஞ்சில் அளந்து காட்டாத பட்டறைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.