ஊரும் வழியும்

மனிதன் வாழ்வதற்கு ஊர் வேண்டும். அவ்வூரைத் தேரும்பொழுது நம் முன்னோர், ஆறும் குளமும் கோயிலும் உள்ள இடமா என்று பார்த்தனர். இக்காலத்தார் பள்ளி, மருத்துவமனை, வேலை, வீட்டு வாடகை ஆகியவற்றை ஆராய்கின்றனர். இவையெல்லாம் வேண்டுவனவே. எனினும், இவற்றோடு ஒருங்கே ஆராயத்தக்கது மற்றொன்று உண்டு. அதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். சொந்த வண்டி இல்லாதவரும் அவ்வூரிலிருந்து வேண்டும் இடத்திற்குச் சென்று பொழுதோடு வீடு திரும்ப இயலுமா என்பதே அது.

வழியின் அருமையைத் தஞ்சை நாட்டார் நெடுங்காலமாக அறிவர். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861ஆம் ஆண்டிலேயே புகைவண்டி வந்தது. அடுத்த ஆண்டில் அப்பாதை திருச்சிராப்பள்ளியை எட்டியது. மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் திறக்கப்பட்ட பாதையோ தனிச் சிறப்புடையது. தஞ்சை ஜில்லா போர்டு, நிலத்தீர்வையோடு சேர்த்துத் தண்டிய சிறு வரிப்பணத்தைக் கொண்டு அதனை அமைத்தது. நெல் விளைவித்த குடிகள் தமக்கு வேண்டிய வழியைத் தம் பொருளாலேயே ஆக்கிக்கொண்டனர் எனலாம்.

ஒருமுறை அமைந்த வழி என்றும் நிலைக்கும் என்று எண்ணலாகாது. தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த புகைவண்டி 1986இல் நின்றுபோயிற்று. மன்னார்குடிக்கு நின்றுபோன புகைவண்டியோ 2011இல் மீண்டும் வந்தது. புகைவண்டி எட்டாத சிற்றூர்களைப் பேருந்து இணைக்கிறது. 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது.

சிற்றூரிலிருந்து தஞ்சாவூருக்குக் குடிபெயரும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நகருக்கு வெளியே, பேருந்து செல்லாத இடத்தில், பெரிய வீடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. நகரப் பேருந்து அடிக்கடி செல்லும் தெருவிலோ சிறிய வீடுதான் கிடைக்கிறது. தந்தையிடம் மோட்டார் சைக்கிள் உண்டு. ஆதலால் அவருக்குப் பெரிய வீடே நன்றாகத் தோன்றும். ஆனால், பாட்டி மருத்துவமனைக்கு எவ்வாறு செல்வார்? மகள் கல்லூரி முடிந்து மாலையில் யாரை எதிர்பார்த்து நிற்பாள்? தந்தை வெளியூர் சென்ற நாளில் அவ்வீடு தீவு போல் ஆகிவிடும் அன்றோ? வாடகையில் மிஞ்சிய பணமும் பெட்ரோலுக்கும் ஆட்டோவுக்கும் கரைந்துவிடும்.

பேருந்தில் நெரிசல் மிகுதி, காத்திருக்கவும் வேண்டும், சொந்த வண்டியே சுதந்தரம் தரும் என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், வண்டி தரும் சுதந்தரம் அதனை ஓட்டுபவர்க்கே உரியது. குழந்தைகளும் முதியோரும் கண்பார்வை இல்லாதோரும் அதனைத் தாமாகப் பெற இயலாது. மேலும், ஆளுக்கொரு வண்டி வந்தால் தஞ்சையின் பழைய வீதிகள் தாங்குமா? அவ்வீதிகளை நினைத்தபடியெல்லாம் அகலமாக்க முடியாது. ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் ஒரு பேருந்துக்கு வேண்டிய இடம், ஐம்பது வண்டிகளுக்கு வேண்டிய இடத்தினும் மிகக் குறைவு. சென்னையில் 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தொலைவில் குடியிருந்தோரும் நகரில் பணிபுரிய அது வழிசெய்தது.

ஆகவே, புதிய ஊருக்குச் செல்வோர், 'இங்கே பேருந்து வருமா?' என்று மட்டும் கேட்டல் போதாது. 'எத்தனை முறை வரும்? கடைசிப் பேருந்து எப்பொழுது?' என்றும் கேட்டல் வேண்டும். கடைசிப் பேருந்தின் நேரமே அவ்வூர் மக்கள் கற்கும் கல்விக்கும் செய்யும் தொழிலுக்கும் எல்லை வகுக்கின்றது.

ஊரைத் தேரும் வாய்ப்பு எல்லார்க்கும் உண்டா? வயலை நம்பி வாழும் உழவுத் தொழிலாளி, வயல் இருக்கும் இடத்தில்தான் வாழ இயலும். அவர் வழியைத் தேடி ஊரை விட்டு வர முடியாது. வழிதான் அவர் ஊரைத் தேடிச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல திட்டமே, ஆயினும், பேருந்தே வராத ஊரில் அச்சலுகையால் பயன் என்ன?

நல்ல வழியுள்ள ஊரைத் தேர்ந்து குடிபுகுதல் அறிவுடைமை. வழியில்லா ஊருக்கு வழி தேடித் தருதல் அதனினும் பெரிய கடமை. நாளை ஊராளப் போகும் இளைஞர் இவ்விரண்டையும் நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும்.