வாசலிலிருந்து வாசலுக்கு



ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு, 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. விழாவை நேரில் காண நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பலர் ரோம் போனார்கள். அங்கே போக வளைகுடாவில் இறங்கி மாறுவது வீண் சுற்று என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருவனந்தபுரத்திலிருந்து ரோமுக்கு வான்வழி நேர்தூரம் ஏறத்தாழ 7,300 கி.மீ. துபாய் வரை 2,950, அங்கிருந்து ரோமுக்கு 4,350. கூட்டினால் அதே 7,300! பூகோள உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் துபாய் அந்த நூலின்மேலேயே இருக்கும். டெல்லி போய் மாறினால்தான் 850 கி.மீ. கூடுதல்.

ஆக, தூரம் வீணாகவில்லை. நேரம்தான் வேறெங்கோ போகிறது. வானில் இருப்பது பத்தரை மணி நேரம்போல. அதற்கு முன், தோவாளை, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று 80 கி.மீ. சாலையில் ஊர்ந்தாக வேண்டும். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். நடுவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பு. எல்லாம் சேர்ந்தால் ஒரு முழுநாள் போய்விடும்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆடி மாதத்தில் பணகுடியிலிருந்து நாகர்கோவில் நோக்கி சைக்கிள் மிதித்தவர்களுக்கு எதிர்காற்று என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். வானத்தில் வீசுவது வேறு காற்று. குளிர்காலத்தில் அரபு நாடுகளுக்கு மேலே, பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், அது மேற்கிலிருந்து விரைந்து வீசும். துபாய் போகும்போது நாலு மணி நேரத்தையும் தாண்டுகிற பயணம், திரும்பும்போது குறைந்துவிடுவது அதனால்தான்.

நாம் விமானம் ஏறப் போகும் திருவனந்தபுரத்துக்கு 1935-இல் பம்பாயிலிருந்து டாடா விமானம் வந்தபோது, நாமும் திருவிதாங்கூர்க்காரர்கள். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைந்தோம். விமானம் ஏற மட்டும் இன்றும் எல்லை தாண்டுகிறோம். தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது சென்னை போகிறவர்களுக்கு உதவும். வளைகுடா போகும் நம் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரமே பக்கம்.

டிக்கெட் எடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டு வாசலில் கிளம்பி அங்குள்ள அறை வாசலில் இறங்கும்வரை எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். இடையில் காத்திருக்கும் நேரம் அதிகமானால் மலிவு டிக்கெட்டும் மலிவல்ல. அழைத்துவரக் கார் பேசுபவர்கள் தேதியைக் கவனியுங்கள்: துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னே. அங்கே இரவு பத்தரைக்கு ஏறுபவர் இங்கே இறங்குவது மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களே, உங்கள் வாசல்-வாசல் கணக்கை எங்களுக்கு எழுதியனுப்புங்கள். எந்த வழி, எத்தனை மணி நேரம், எங்கே காத்திருந்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். முதன்முறை விமானம் ஏறப் போகிற ஒருவருக்கு அது பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்