மாடி அறைச் சாவி யாரிடம்?

விருதுநகர் கடைவீதி அண்ணாச்சிமாருக்கும், அக்கா மதினிமாருக்கும், கல்லூரியில் பி.காம். படிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

பிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். வத்தல் மண்டியில் 31 வருடம் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளையின் மூத்த மகள் என்றால் உங்களில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். எம்.பி.ஏ. படிக்க அமெரிக்கா போகிறேன் என்று சித்தப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்ததும், அது ஒரே நாளில் தெரு முழுக்கத் தெரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பத்திரம் திரும்பி வந்துவிட்டது. எழுதுவது அதற்காக இல்லை. உங்களிடம் ஓர் அறை கேட்க எழுதுகிறேன். எதற்கு என்று சொல்வதற்குள் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அங்க போயி என்னத்தத்தான் படிச்ச?" என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன்.

வகுப்பில் ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் எழுதிய அட்டை நிற்கும். வாத்தியார் யாரை எப்போது எழுப்புவார் என்று தெரியாது. முந்தின இரவே, ஏதோ ஒரு கம்பெனி மாட்டிக்கொண்ட இக்கட்டைப் பற்றிப் பத்திருபது பக்கம் படித்து வைத்திருக்க வேண்டும். அதற்குக் 'கேஸ்' என்று பெயர். வாய் திறந்து பேசுவதற்கே மதிப்பெண் உண்டு என்பதால் ஒன்றும் படிக்காமல் வந்தவன்தான் முதலில் கை தூக்குவான். கணக்கியலில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பற்றும் வரவும் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தவை. சிரமமெல்லாம் சாயங்காலங்களில்தான். படிப்பு சூடு பிடிக்கும் முன்பே வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் வந்துவிடும். ஒரு கையில் கோப்பை, மறு கை குலுக்குவதற்கு, வாயில் ஓயாத சிரிப்பு. நம் ஊர்க் கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் பெரியவர்கள் திண்ணையில் செய்வதும் இதைத்தான். இங்கே கடைசிவரை பந்தி மட்டும் போடமாட்டார்கள்.

சங்கங்களுக்கும் குறைவில்லை. ஆலோசனைத் தொழிலுக்கு ஒன்று, வங்கித் தொழிலுக்கு ஒன்று, ஒயின் சுவைப்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஆறேழு துணைத்தலைவர். கோயில் திருவிழா பேனரில் பெயர் விட்டுப்போனால் முகம் தூக்கும் நம் ஆட்களை இனிமேல் கேலி செய்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். வருடத்தில் ஒரு நாள் 'சமூகப் பணி நாள்'. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் கொடுத்து, ஏழைகள் வசிக்கும் பகுதியில் ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கூட்டிப்போனார்கள். போன வருடத்து மாணவர்கள் அடித்த பெயின்ட் அதில் பளபளவென்று இருந்தது. அதன் மேலேயே நாங்களும் அடித்தோம். படம் எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட்டோம்.

ஒரே ஒரு வகுப்பில் நானாகக் கை தூக்கினேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டின் கஸ்தூரி ரங்கன் 1993-ல் எழுதிய கேஸ் அன்றைக்குப் பாடம். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியதும், காசு கொடுக்கிறவர்கள் தரும் பணத்தில் காசில்லாதவர்களுக்கும் கண் திறந்ததும் அதில் இருந்தன. ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை அறுவை செய்தால் செலவு எவ்வளவு குறையும் என்று பலகை நிறையக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னேன். முகாமில் கண்ணைப் பார்த்து, வேனில் ஏற்றி, புரை எடுத்து, பச்சைத் துணி மறைத்த கண்ணோடு கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார்கள். பத்துப் பைசா வாங்கவில்லை. "அந்த வேனை நிரப்பியது யார்?" என்று வாத்தியார் கேட்டார். முகாமுக்கு இடம் கொடுத்து, ஊர் ஊராக மைக் கட்டி அறிவித்து, வயசானவர்களைக் கைபிடித்துக் கூட்டிவந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், கடைக்காரர்கள் என்றேன். அவர் அதைப் பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை ராத்திரிச் சாப்பாடு வரைதான் நீடித்தது. அந்த உள்ளூர்க்காரர்களில் ஒருத்தியாக நான் ஒரு நாளும் இருந்ததில்லையே என்பது அப்புறம் உறைத்தது.

அதனால் திருந்திப்போய்த் தொண்டுக்குக் கிளம்பினேன் என்று நினைக்க வேண்டாம். வேலைக்கு அனுப்பும் சுயவிவரத்தில் சமூகப் பணி என்ற இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் போனேன்.

இங்கே வருமான வரித்துறையின் திட்டம் ஒன்று 50 வருடத்துக்கு மேலாக நடக்கிறது. 'வீட்டா' என்று சுருக்கிச் சொல்வார்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வரிப் படிவத்தைத் தன்னார்வலர்கள் இலவசமாக நிரப்பிக் கொடுப்பார்கள். ஏழைக்கு எதற்கு வரிப் படிவம் என்று நானும் முதலில் கேட்டேன். சம்பளத்தில் பிடித்ததில் மிஞ்சியது திரும்பி வரும். அதோடு, உழைத்துக் குறைவாகச் சம்பாதிக்கிறவர்களுக்கு அரசு மேல்பணம் தருகிறது. 1975-ல் வந்த ஏற்பாடு இது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 7,000 டாலரைத் தாண்டியும் வரும். ஆனால் படிவம் போட்டால்தான் வரும், சரியாகப் போட்டால்தான் முழுதாக வரும். அந்தப் பணத்தைப் பிப்ரவரி நடுவரைக்கும் விடுவிக்கக் கூடாது என்று சட்டம். வாடகையோ ஜனவரியிலேயே கழுத்தை நெரிக்கும். அங்கேதான் தெருமுனைக் கடைகள் நுழைகின்றன. படிவம் நிரப்ப ஒரு கட்டணம், முன்பணம் வேண்டுமென்றால் அதற்கொரு வழி, எல்லாவற்றையும் வரப்போகும் பணத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். கையில் காசில்லாமல் போகிறவருக்கு அது உதவி மாதிரியே தெரியும்.

பரீட்சை எழுதித் தேறித்தான் மேசையில் உட்கார முடியும். ஆற்றங்கரை இரும்பாலை ஊர் ஒன்றில், கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஆறு மேசை. நான் நிரப்பியதை இன்னொருவர் பார்க்காமல் எந்தப் படிவமும் வெளியே போகாது. எனக்கு வாய்த்தவர் ஆலையில் சம்பளக் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிழவர். முதல் நாள் என் படிவத்தை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தம்மா தனியாள் என்று போட்டிருக்கிறாயே, பேரனுக்குச் சோறு போடுவது யாரென்று கேட்டாயா?"

கேட்கவில்லை. அந்தம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவர். மளிகைக் கடைப் பையில் ஒரு வருடத்துக் காகிதம் அத்தனையையும் திணித்துக் கொண்டுவந்திருந்தார். மின்கட்டண ரசீது, பள்ளிக்கூடக் கடிதம், மூன்று இடத்துச் சம்பளச் சீட்டு, நடுவில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை. மறுபடி உட்கார்ந்து கேட்டேன். பேரன் எத்தனை மாதம் உங்களோடு இருந்தான், வாடகை யார் கொடுத்தது, சாமான் யார் வாங்கியது. வருடம் முழுக்க அவர்தான். பாதி வருடத்துக்கு மேல் பிள்ளை வீட்டில் இருந்தால் அவர் குடும்பத் தலைவர், கணக்கே மாறிவிடும். 4,000 டாலருக்கு மேல் வந்தது. முந்தின வருடம் கடையில் 280 டாலர் கொடுத்து, தனியாள் என்றே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மூன்று வருடம் வரை திருத்திப் போடலாம் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. "அந்தக் கடைப் பையன் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லையே" என்று மட்டும் சொன்னார். நானும் அரை மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வருடமும் போனேன். படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த பிறகும் போகிறேன். சுயவிவரத்தில் அந்த வரி இப்போது இல்லை.

இந்தப் பக்கத்து இரும்பாலை ஊர்களில் ஒன்று பிராடாக். இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி அமெரிக்காவில் கட்டிய முதல் நூலகம் அங்கேதான் 1889-ல் திறந்தது. ஆலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் குளித்துவிட்டு மேலே போக, கீழ்த்தளத்தில் குளியலறை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த மூன்றாம் வருடம், 1892-ல், அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் சம்பளக் குறைப்பை எதிர்த்தவர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள். கூலிக் காவலர்களை இறக்கியதில் துப்பாக்கிச் சண்டையாகி இரண்டு பக்கமும் ஆள் செத்தது. 12 மணி நேரம் உலைக்கு முன்னால் நின்றவனுக்கு நூலகத்தில் படிக்க நேரம் எங்கே என்று இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அதே 1889-ல்தான் நம் ஊரில் சத்திரிய வித்யாசாலா வந்தது. கட்டியது எந்தக் கோடீசுவரரும் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கடைகள் கொடுத்த மகமை, உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடி அரிசி. காமராஜர் படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில். கார்னெகி பெரிய மனசுக்காரர்தான், ஆனால் என் ஓட்டு பிடி அரிசிக்கு. கொடுத்தவர்கள் அடுத்த தெருவில் இருந்தார்கள், கணக்குக் கேட்க முடிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகமை ஒரே சாதியாரின் உறவின்முறைக்குள் பிறந்த ஏற்பாடு. அப்பா அந்த உறவின்முறை இல்லை. 31 வருடம் பேரேட்டில் மகமைப் பத்தியை அவர் கையால் எழுதினார், ஒரு பைசா பிசகாமல். பொதுக்கூட்டத்தில் அவருக்கு நாற்காலி இருந்ததில்லை. அவர் இதை ஒரு குறையாகச் சொன்னதே கிடையாது. நான் சொல்கிறேன். நான் கேட்கப்போகும் அறை அந்த மாதிரி இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

போன தடவை ஊருக்கு வந்தபோது பிரவுசிங் சென்டரில் ஓர் அக்காவைப் பார்த்தேன். நூல் மில்லில் 11 வருடம் வேலை பார்த்து நின்றவர். பி.எஃப். பணத்துக்கு மூன்று தடவை விண்ணப்பம் போட்டு மூன்று தடவையும் தள்ளுபடி. ஒவ்வொரு தடவைக்கும் கடைக்காரப் பையனுக்கு 300 ரூபாய். காரணம் என்ன என்று அவன் பார்க்கவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல், மில் கொடுத்த பதிவில் இனிஷியலே இல்லை. அவ்வளவுதான். பெயர்த் திருத்தத்துக்கு முதலில் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு பணத்துக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தப் பையன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு வரிசையில் இன்னும் எட்டுப் பேர். மளிகைக் கடைப் பைக்குப் பதிலாக இந்த அக்கா கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை, வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மூட்டை தூக்கும் அண்ணன்மாருக்கு நலவாரியப் புதுப்பித்தல், முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, நின்றுபோன பி.எஃப். கேட்காமல் கிடக்கும் பணம் நம் ஊரிலும் இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கல்லூரிகளில் கணக்குப் படிக்கும் பிள்ளைகள், வங்கியிலும் தாலுகா ஆபீசிலும் இருந்து ஓய்வுபெற்று வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் சார்மார்.

நான் கேட்பது கடைவீதியில் சங்கத்து மாடி அறை. ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை. இரண்டு மேசை, ஓடுகிற மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் நான் வாங்கித் தருகிறேன். யாரிடமும் காசு வாங்கக் கூடாது, டீக் காசுகூட. ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் பார்க்காமல் அனுப்பக் கூடாது. யாருடைய பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் நோட்டில் எழுதக் கூடாது. உபயம் என்று சுவரில் யார் பெயரும் வேண்டாம், வந்தவர்களை நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம். எந்தத் தெரு, யார் வீட்டு ஆள் என்று படிவத்தில் கேட்டிருந்தாலொழிய வாயால் கேட்க வேண்டாம். உங்கள் ஞாயிறு காலை 10 மணி எனக்குச் சனிக்கிழமை நடுராத்திரி. சரிபார்க்க ஆள் இல்லாத வாரங்களில் வீடியோவில் நான் உட்காருகிறேன். மேசையின் இந்தப் பக்கத்தில் முதலாவதாக உட்கார அப்பா சம்மதித்துவிட்டார். கண்ணாடி மட்டும் புதுசு மாற்ற வேண்டுமாம்.

பங்குனிப் பொங்கலுக்கு 10 நாள் லீவில் வருகிறேன். மில் அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அந்த மாடி அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
கணக்குப்பிள்ளையின் மூத்த மகள்