காட்சியும் சுவையும்

உணவில் ஒருவர் புளிப்பை விரும்புகின்றார். மற்றொருவர் இனிப்பை விரும்புகின்றார். அவ்விருவரையும் உலகம் குறைகூறுவதில்லை. ஆயின், திரைப்படம் பார்த்து மீள்வோரிடையே இப்பெருந்தன்மை அரிதாகவே காணப்படுகின்றது. "இதையும் ஒரு படமென்று பார்ப்பார்களா?" என்று ஒருவர் நகைக்கின்றார், "உமக்குப் படம் பார்க்கவே தெரியாது" என்று மற்றவர் சினக்கின்றார். நண்பர்களாய்ச் சென்றவர்கள் மனம் வேறுபட்டுத் திரும்புவதும் உண்டு. பிறர் எள்ளி நகையாடுவரே என்று அஞ்சி, தமக்குப் பிடித்ததைப் பிடித்ததென்று சொல்லவும் இளைஞர் சிலர் கூசுகின்றனர். சுவை வேறுபாடு குற்றமாகுமா? குற்றமன்று எனின், எல்லாப் படங்களும் ஒரு நிகரானவை எனக் கொள்ளலாமா? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கவை.

கவிஞன் சொற்களைத் தேர்ந்து கவிதை புனைகின்றான். இயக்குநரோ காட்சிகளைத் தேர்ந்து கதை சொல்லுகின்றார். ஒளிப்பதிவுக் கருவியை அருகில் வைப்பதா, தொலைவில் வைப்பதா. ஒளியை எவ்வளவு பாய்ச்சுவது, இருளை எவ்வளவு விடுவது. ஒரு காட்சியை எவ்வளவு நேரம் நீட்டுவது என்பனவற்றையெல்லாம் அவரே முடிவு செய்கின்றார். புலவர்க்குப் புலவர் நடை வேறுபடுவதுபோல, இயக்குநர்க்கு இயக்குநர் காட்சிமுறையும் வேறுபடுகின்றது.

எஸ். எஸ். வாசன் இயக்கிய 'சந்திரலேகா' 1948-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மிகப் பெரிய முரசங்கள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றின்மேல் மகளிர் பலர் ஆடும் நடனம் அப்படத்தின் சிறப்பு. கருவி தொலைவில் நின்று அப்பெருங்காட்சி முழுவதையும் காட்டுகின்றது. இது வெறும் ஆடம்பரம் என்பார் உளர். ஆயின், நடன முடிவில் அம்முரசங்களினுள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டுப் பகைவரைத் தாக்குகின்றனர். ஆள் மறைந்திருக்கும் அளவுக்கு முரசம் பெரிதாகவும், காண்போர் ஐயுறாதவாறு நடனம் கண்ணைக் கவர்வதாகவும் இருத்தல் கதைக்கே வேண்டப்படுவதாயிற்று.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், ஏவி.எம். நிறுவனத்தாரின் 'அந்த நாள்' வெளிவந்தது. அதனை இயக்கியவர் வீணை வல்லுநராகிய எஸ். பாலசந்தர். அதில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. வானொலிப் பொறியாளர் ஒருவர் சுடப்பட்டு இறக்கின்றார். கொன்றவர் யார் என்பதுபற்றி ஒவ்வொருவரும் தத்தம் ஐயத்தைக் கூறுகின்றனர். உண்மை மறைந்து கிடக்கும் அக்கதைக்கு ஏற்ப, ஒளியும் நிழலும் மாறிமாறிக் காட்சிகளில் படிகின்றன. பாட்டுகள் நிறைந்த படங்களையே கண்டு பழகியவர் பலருக்கு அது புதுமையாய் இருந்தது. வெளிவந்த காலத்தில் பெருவருவாய் ஈட்டாத அப்படம், பின்னாளில் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் சிறந்ததோர் இடத்தைப் பெற்றது.

இவ்வேறுபாடு ஒரு நாட்டுக்கே உரியதன்று. ஜப்பானில் யசுஜிரோ ஓசு என்பார் 1953-இல் 'டோக்கியோ கதை' என்னும் படத்தை இயக்கினார். மக்களைக் காண நகருக்கு வந்த முதிய பெற்றோரின் துயரம் அதில் கூறப்படுகின்றது. பாயில் அமர்ந்திருப்பவர் பார்ப்பதுபோல் கருவி தாழ்வாகவே நிற்கின்றது, பெரும்பாலும் அசைவதில்லை. அடுத்த ஆண்டில் அந்நாட்டவரான அகிரா குரோசவா இயக்கிய 'ஏழு சாமுராய்' வெளிவந்தது. கொள்ளையரிடமிருந்து உழவரைக் காக்க எழுவர் பொருத கதை அது. கொட்டும் மழையில் நிகழும் இறுதிப் போரை ஒரே வேளையில் பல கருவிகள் பதிவு செய்தன. ஓசுவின் அமைதியை விரும்புவோர் சிலர். குரோசவாவின் விரைவை விரும்புவோர் சிலர். அமைதியான கதையில் கருவி ஓடித் திரிந்தால் துயரம் சிதறிப்போகும். போர்க்களத்தில் அது அசையாது நின்றால் போரின் கொந்தளிப்பு புலப்படாது போகும்.

இதனால் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. சொல்லும் முறை சொல்லப்படும் பொருளுக்குப் பொருந்துகின்றதா என்பதே அவ்வளவுகோல். கதைக்குத் தொடர்பின்றி இடையில் நுழைக்கப்படும் நடனமும், பிறரைப் பார்த்துக் காரணமின்றிப் பூசப்படும் இருளும் இதன்முன் நில்லா. ஆகவே, எல்லாப் படங்களும் ஒரு நிகரானவை அல்ல. விருப்பம் வேறு, மதிப்பீடு வேறு. 'இது எனக்குப் பிடித்தது. ஆயினும் குறையுடையது' என்றும், 'இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் சிறந்தது' என்றும் கூற வல்லவரே சுவைஞர் எனப்படுவர்.

பொழுதுபோக்குக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். சிறிய செய்தியில் காரணம் கூறாது இகழ்ந்து பழகிய நா, பெரிய செய்தியிலும் அவ்வாறே இகழும். ஒரு படத்தை முழுதும் பாராமலே பழிப்பவன், நாளை ஒரு மனிதனையும் அறியாமலே பழிப்பான். மேலும், கூட்டத்தின் சுவையே எல்லார்க்கும் சுவையாக வேண்டும் என்று கொண்டால், பாட்டில்லாப் படம் எடுக்கத் துணியும் ஒருவர் இனித் தோன்றுவது அரிதாகும். புதிய முயற்சிகள் முளையிலேயே கருகும்.

எனவே, மாணவர்கள் ஒரு படத்தை முழுதும் பார்த்தபின் கருத்துரைத்தல் வேண்டும். பிடித்ததாயினும் பிடிக்காததாயினும் அதற்குக் காரணம் கூறுதல் வேண்டும். மாற்றுக் கருத்துடைய நண்பர் கூறும் காரணத்தையும் செவிசாய்த்துக் கேட்டல் வேண்டும். அவர் சொல்லால், முன்பு காணாத ஓர் அழகு அடுத்த முறை பார்க்கும்போது கண்ணிற் படலாம். இருவர் சுவையும் வேறுபட்டிருந்ததால் விளைந்த பயன் அது.