தோல் அங்கியில் ஒரு கிழிசல்



என் மூத்த சகோதரர் எனக்குக் கொடுத்த தோல் அங்கி ஒன்று இன்றும் என்னிடம் உண்டு. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இந்த மலைக்குளிரில் அந்த அங்கிதான் எனக்குத் துணை. சென்ற மழைக்காலத்தில் அதன் முழங்கைப் பகுதி ஓர் ஆணியில் மாட்டி, இரண்டு விரற்கடை அளவு கிழிந்துபோயிற்று. சிறிய கிழிசல்தானே என்று உடனே ஒட்டும் பசையைத் தடவி, அதன்மேல் கறுப்பு ஷூ பாலிஷையும் பூசிவிட்டேன். ஞாயிறு ஆராதனையில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் பசை கண்ணாடிபோல் இறுகி, கையை மடக்கிய இடத்தில் தோலையும் சேர்த்துப் பிளந்தது.

சென்னைக்குச் செல்ல நேர்ந்தபோது அதைப் பெரியமேட்டில் ஒரு தோல் வேலைக்காரரிடம் கொண்டுபோனேன். கிழிசலைத் தைப்பதைவிட என் பசையைச் சுரண்டி எடுக்கவே அவருக்கு அதிக நேரம் பிடித்தது என்று எழுத வந்தேன். ஆனால் அவர் தைக்கவே இல்லை. துணியில் ஊசி போன துளை மூடிக்கொள்ளும். தோலில் அது அப்படியே நின்றுவிடும். நெருக்கித் தைத்தால் அந்தத் துளைகளின் வரிசையிலேயே மறுபடியும் கிழியும். ஆகவே அவர் உள்துணியைப் பிரித்து, கிழிசலுக்கு அடியில் மெல்லிய தோல் துண்டு ஒன்றை வைத்து, வளைந்துகொடுக்கும் பசையால் ஒட்டினார். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி சேர்த்து, இடைவெளியை நிரப்பி, காய்ந்தபின் மெதுவாகத் தேய்த்தார். சாயத்தைக் கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் தடவிப் பார்த்த பிறகே முழங்கைக்கு வந்தார். “உள்ளேயிருந்துதான் சரி பண்ணணும் ஐயா. மேல பூசுறது கடைசி வேலை” என்றார்.

தோள்பட்டையருகே வெளிறிய கோடு ஒன்று இருக்கிறது. அதையும் மறைத்துவிடும்படி கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். அந்த ஆடு உயிரோடிருந்தபோது முள் கீறி ஆறிய தழும்பாம். அது பழுதல்ல, அவ்விடத்தில் தோல் உறுதியாகவே இருக்கிறது என்றார்.

நாமோ சபையில் இதை நேர்மாறாகச் செய்கிறோம் என்பது என் எண்ணம். குடியைவிட்டு மீண்டு வந்த சகோதரனின் ஆறிய தழும்பைப் பத்து ஆண்டுகளாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். இரு குடும்பங்களுக்கிடையே இன்று விழுந்த சிறு கிழிசலின்மேலோ, ஒரு கைகுலுக்கலையும் ஸ்தோத்திரத்தையும் பூசிவிட்டு வீடு திரும்புகிறோம். நானும் அப்படிச் செய்த போதகன்தான்.

கூலி நானூறு ரூபாய் என்றார். உடன் வந்தவர் பேரம் பேசும்படி என் காதில் சொன்னார். வெட்கத்தோடு எழுதுகிறேன், என் வாயும் திறந்தது. அப்போது யோப்பா பட்டணத்துக் கடலோர வீடு நினைவுக்கு வந்தது. செத்த விலங்கின் தோலைத் தொடுகிறவர்கள் என்று யூதர்கள் ஒதுக்கிவைத்த தொழில், சீமோனின் தொழில். பேதுரு அநேக நாள் அவன் வீட்டில்தான் தங்கியிருந்தார். எதையும் தீட்டென்று தள்ளாதே என்ற பாடத்தை அவர் கற்றதும் அந்த வீட்டு மேல்மாடியில்தான். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தின்படி, ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோல் உடை செய்து உடுத்தியவர் தேவனே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டுப் பிழைக்கும் விசுவாசிகள் பலர் உண்டு. தோல் அட்டை போட்ட வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொள்ளும் நாம், அந்தத் தோலைப் பதனிட்டவரின் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குகிறோம். இந்தக் கிழிசலுக்கு எத்தனை தலைமுறையாகப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறோம்?

நானூறு ரூபாயையும் கொடுத்தேன். அங்கியைத் திருப்பித் தரும்போது, மழைக்காலத்தில் அதைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துவைக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்கும் என்றார். பருத்தித் துணியால் மூடி, அகலமான மாட்டியில் தொங்கவிட வேண்டும். நனைந்தால் வெயிலிலும் அடுப்பருகிலும் காட்டாமல் நிழலில் உலர்த்த வேண்டும். கிழிசல் இருந்த இடத்தை விரலால் தடவினால் இன்றும் தெரிகிறது. கை மடங்குகிறது.