உரிமம் கொடு, இல்லையென்றால் எழுதிக் கொடு

2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒரு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ‘நிர்பீக்’. அச்சமற்றவர் என்று பொருள். பாயிண்ட் 32, டைட்டானியம் கலந்த உலோகம், எடை 500 கிராம். பெண்கள் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் சிதைக்கப்பட்ட மாணவிக்குப் பத்திரிகைகள் சூட்டிய ‘நிர்பயா’ என்ற பெயரை ஒட்டி வைத்த பெயர் இது. விலை 1,22,360 ரூபாய்.

நான் வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். கிராம் கணக்கு எனக்கு அத்துப்படி. 500 கிராம் என்பது அறுபத்திரண்டரைப் பவுன். எங்கள் தேவாரம் பக்கத்துச் சேரிப் பெண்கள் என் தராசில் வைப்பது நாலு கிராம் தோடு. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள் அவர்கள். 2014-15இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நாள்கூலி 167 ரூபாய். சோறு தின்னாமல், ஒரு பைசா செலவழிக்காமல் 733 நாள் மண் சுமந்தால் ஒரு நிர்பீக் வாங்கலாம். ஆனால் குடும்பத்துக்கு அப்போது வருஷத்தில் 100 நாள்தான் வேலை. ஆக ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த ஏழு வருஷமும் அவளை யார் காப்பது?

‘பொம்பளை கையில அரசாங்கமே துப்பாக்கி குடுக்குது’ என்று பூரித்துப்போன நண்பர்களிடம் கேட்கிறேன்: எந்தப் பொம்பளை கையில்? 2006 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் சுரேகா போட்மாங்கேயையும் அவர் மகளையும் இரண்டு மகன்களையும் ஊரே கூடிக் கொன்றது. சுரேகா செய்த குற்றம், ஆதிக்க சாதிக்காரர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அவர் பெயரில் எந்தத் தொழிற்சாலையும் எதையும் வார்க்கவில்லை.

தோழர்களே, நமக்கும் ஒரு வரி எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995 மார்ச் 31 அன்று விதிகள் வந்தன. அதில் 3ஆம் விதியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது அது. அங்கே, தேவை என்று கருதினால், தலித்தோ பழங்குடியோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர்கள், வேலைக்காரர்கள், குடும்ப நண்பர்கள் உரிமங்களையும் சேர்த்துத்தான். துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்க வைக்க வேண்டும். கள்ளத்துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கு அடுத்த உட்பிரிவு இன்னும் விசேஷம்: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டி, தேவை என்று கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

முப்பது வருஷம் தாண்டிவிட்டது. ‘தேவை என்று கருதினால்’ என்கிறது விதி. கருத வேண்டியது யார்? கலெக்டர். அவருக்கு அறிக்கை அனுப்புவது யார்? தாசில்தாரும் போலீசும். பி.சி.ஆர். கேஸ் என்று போனால் எஃப்.ஐ.ஆர். போட மனசு வராமல் நம்மை இழுத்தடிக்கிற அதே இன்ஸ்பெக்டர்தான், நமக்கு உயிராபத்து உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். ஆட்டுக்கு வேலி தேவையா என்று ஓநாயிடம் அறிக்கை கேட்கிற நிர்வாகம் இது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், பொதுப்பாதைத் தகராறில் கொலை மிரட்டல் வந்ததால் உரிமம் கேட்டுப் போனார். போன இடத்தில் முதல் கேள்வி: “ஒனக்கு என்னய்யா தோட்டம் தொரவு இருக்கு, காவல் காக்கிறதுக்கு?” அவர் சொன்னார்: “உசுரு இருக்கு சார்.” சிரித்திருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் மேஜை மேல் இருக்கிறது. சாதி நாற்காலியில் இருக்கிறது.

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதை இந்த நாட்டில் எப்போதுமே அதிகாரம்தான் தீர்மானித்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியனை உரிமம் கேட்கச் சொல்லிவிட்டு வெள்ளைக்காரனுக்கு விலக்களித்தது. அதே வெள்ளைக்காரன் 1890களில் ‘போர்ச் சாதி’ என்று ஒரு கதையைக் கட்டி, மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். அண்ணல் அம்பேத்கரின் அப்பா சுபேதாராக இருந்த பட்டாளம் அது. மகர் ரெஜிமெண்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ஆண்ட பரம்பரை’ என்று இன்று ஃபிளெக்ஸ் கட்டுகிறவர்களின் வீரம், அடுத்தவன் கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டுப் பேசுகிற வீரம்.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. நிலவுடைமையாளர்களும் அடியாட்களும் துப்பாக்கியோடு வந்தார்கள். சூட்டுக்குப் பயந்து குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேரை வெளியே பூட்டிக் கொளுத்தினார்கள். உயர்நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. ‘தலித்துகளிடம் துப்பாக்கி போனால் சட்டம் ஒழுங்கு கெடும்’ என்று சொல்கிறவர்களைக் கேட்கிறேன்: அன்றைக்குக் கெட்டது யாருடைய துப்பாக்கியால்?

உலகம் முழுக்க இதே கதைதான். 1956இல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன்பின் அவர் துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். 1967இல் கருஞ்சிறுத்தைகள் கலிபோர்னியச் சட்டமன்றத்துக்குள் துப்பாக்கி ஏந்திப் போனார்கள். அது அன்று சட்டப்படி செல்லும். மூன்று மாதத்துக்குள் சட்டத்தையே மாற்றினார்கள், கையெழுத்துப் போட்டவர் கவர்னர் ரீகன். வெள்ளையன் தூக்கினால் உரிமை, கறுப்பன் தூக்கினால் கலகம். அந்தக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் வைத்தார்கள்.

இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும் என்று தெரியும். முற்போக்கு நண்பர்கள், ‘அம்பேத்கர் வன்முறையை ஏற்றாரா?’ என்பார்கள். 1927இல் மகாத்தில் சாதி இந்துக்கள் தாக்கியபோது, திருப்பி அடிக்கத் துடித்த நம் மக்களை அவர் தடுத்தார். உண்மைதான். அந்த நிதானம் நம்முடையது. அதை நமக்குப் பாடம் சொல்ல, அடித்தவனிடம் ஒரு வார்த்தை பேசாதவனுக்கு அருகதை கிடையாது.

இன்னொரு பக்கம் நம் பையன்கள். பிறந்தநாள் பேனரில் பொம்மைத் துப்பாக்கி பிடித்து நிற்கிற தம்பிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். கல்லூரியில் என்.சி.சி. முகாமில் பாயிண்ட் 22 ரைபிளில் சுட்டவன் நான். தோளில் அணைத்துப் பிடித்த ரைபிளிலேயே குறி தவறும். ரிவால்வர் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். குழல் குட்டையாக இருந்தால் நாலு எட்டு தள்ளி நிற்பவனைக்கூடக் கை நடுக்கத்தில் தவறவிடலாம். மாதாமாதம் தோட்டா செலவழித்துப் பழகினால்தான் அது ஆயுதம், இல்லையென்றால் பையில் கிடக்கிற இரும்பு. தோட்டா காசு. பழகுவதற்கு ரைபிள் கிளப், அதற்கும் காசு. அப்படியே பழகினாலும் ஆறு தோட்டா. சேரிக்குள் நுழைகிற கும்பல் ஆறு பேராக வருவதில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிய மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வழிமறித்து வெட்டியது ஒரு பெருங்கும்பல். அவர் பாதுகாப்பு கேட்டிருந்தவர். ரிவால்வர் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அரசு தன் கடமையைச் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்வேன். நம் வீட்டில் உரிமமில்லாத ஒரு நாட்டுத் துப்பாக்கி அகப்பட்டால் போதும், நம் சேரி முழுவதையும் உள்ளே தள்ள அதுவே சாக்கு. அந்த வழி வேண்டாம்.

பிறகு எதற்கு இந்த உரிமம்? உரிமத்தைக் கேட்பதுதான் போராட்டம். ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 18ஆம் பிரிவுப்படி மேல்முறையீடு செய்யலாம். கலெக்டர் என்ன எழுதுவார்? ‘இவருக்கு ஆபத்து இல்லை’ என்று எழுதினால், நாளை அந்த ஊரில் ஒரு குடிசை எரிந்தாலும் அந்தத் தாள் அவர் கழுத்தில் கிடக்கும். ‘ஆபத்து உண்டு’ என்று ஒப்புக்கொண்டால், மிரட்டியவன் வீட்டுத் துப்பாக்கியை ஏன் இன்னும் பிடுங்கவில்லை என்று அடுத்த கேள்வி. எதை எழுதினாலும் அரசு பதில் சொல்ல வேண்டிய இடத்தில் வந்து நிற்கும்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: நம் மாவட்டத்தில் வன்கொடுமைப் பகுதி என்று அடையாளம் கண்ட ஊர்கள் எவை, அங்கே 3ஆம் விதிப்படி இதுவரை எத்தனை உரிமங்கள் ரத்து, எத்தனை பேருக்குப் புதிதாக உரிமம்? இரண்டாவது, கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டிய கண்காணிப்புக் குழுவில் இந்தக் கணக்கைப் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, மிரட்டல் உள்ள ஒவ்வொரு ஊரிலிருந்தும், பெண்கள் முன்னால் நிற்க, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தேனிக்கு வந்து உரிம மனுக்களைக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகர வேண்டாம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நான் வருகிறேன். பாரம் நிரப்புவது என் தொழில்.