கட்டியக்காரன் இல்லாத மேடை

மாயக் கதைகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் பகுத்தறிவை ஒதுக்கி வைத்துவிட்டே அதன் முன் உட்காருகிறார்கள் என்றும், ஆகையால் 'இந்தச் சம்பவம் பொருந்தவில்லை, அந்தப் பாத்திரம் அப்படி நடந்துகொள்ள மாட்டாள்' என்று முறையிட அவர்களுக்கு உரிமையில்லை என்றும் படித்தவர்களில் பலர் கருதுகிறார்கள். பாம்பு பெண்ணாக மாறியதை ஒப்புக்கொண்டபின் மற்றவற்றுக்கு ஆக்ஷேபம் சொல்வானேன் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் நம் ஜனங்களின் ரசனையைச் சற்றும் அறியாத வாதம்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், விக்கிரவாண்டி வருமுன்பே, முந்தின இரவு பார்த்த நாகக்கன்னித் தொடரைப் பற்றி இரண்டு பெண்கள் பேசத் தொடங்கினார்கள். "இன்னாக்கா இது, பாம்பா மாறி பத்து ஆள அடிக்கிறா, பூட்டுன ரூம்ல இருந்து வெளிய வர மட்டும் புருசன் வந்து தொறக்கணுமா? கதவு சந்துல நெளிஞ்சு வரமாட்டாளா?" என்று இளையவள் கேட்டாள். மூத்தவள், "மாமியாக்காரி பேசுனத எல்லாம் மறைஞ்சி நின்னு கேட்டாளே, அத புருசங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா கத முடிஞ்சிடும்ல, அதான் சொல்ல உடமாட்டறானுவ" என்று விடையிறுத்தாள். பாத்திரத்துக்குத் தானே கொடுத்த சக்தியைக் கதாசிரியர் மறந்துவிடுவதும், பேச வேண்டிய வாயைக் கதையை நீட்டுவதற்காகக் கட்டிப்போடுவதும் ஆகிய இரண்டு குற்றங்களையும் அப்பெண்கள் ஒரு விமரிசகரின் தெளிவோடு பிரித்தெடுத்துவிட்டார்கள். பாம்பு பெண்ணானதைப் பற்றி அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று வியப்பதற்கில்லை. செஞ்சியைச் சூழ்ந்த இந்தச் சீமை திரௌபதி அம்மனின் சீமை. சித்திரை, வைகாசி மாதங்களில் ஊர்தோறும் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்ல, இரவெல்லாம் கூத்து நடக்க, இறுதியில் படுகளத்தில் கிடத்திய துரியோதனனின் பிரம்மாண்டமான மண்ணுருவத்தின் தொடையைப் பீமன் பிளந்தபிறகே பாஞ்சாலி தன் கூந்தலை முடிக்கிறாள். அதுவரை எத்தனை இரவுகள் கழிந்தாலும், எத்தனை கிளைக்கதைகள் வந்து போனாலும், அந்த விரிந்த கூந்தல் விரிந்தபடியே இருக்கிறது. ஆட்டத்தை விறுவிறுப்பாக்குவதற்காக நடுவில் ஒருநாள் அவள் கூந்தலை முடித்துக்கொள்வாளாயின் ஊரார் சும்மா விடுவார்களா?

சமீப காலம்வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு சேர்ந்த கூவாகத்தின் கூத்தாண்டவர் கதையையும் பாருங்கள். களப்பலியாகச் சம்மதித்த அரவானுக்குக் கண்ணன் மோகினியாகி மாலையிடுகிறான். அதைவிடப் பெரிய அதிசயம் எந்தத் தொடரில் உண்டு? ஆயினும் மறுநாள் அரவான் இறந்தே தீரவேண்டும். அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கையர் அதை அறுத்துக்கொண்டு கதறியழுகிறார்கள். மாயம் எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம், விலை கொடுக்காமல் வரக்கூடாது என்பதை அவ்விழாவில் நின்ற எவரும் உணர்வார்கள். சின்னத்திரையிலோ, போன மாதம் பிணமாக எடுத்துச் சென்றவர் இந்த மாதம் வேறு முகத்தோடு திரும்பி வருகிறார். சில சமயம் சாகாமலேயே முகம் மாறிவிடுகிறது, 'இவருக்குப் பதில் இவர்' என்ற ஒரு வரியோடு.

கூத்திலே வேறொரு விசேஷமும் உண்டு. கட்டியக்காரன் என்றொருவன் திரைக்கும் சபைக்கும் நடுவில் நின்று, துரியோதன மகாராஜனையே, "நீர் யார், இங்கே எதற்காக வந்தீர், இப்படிச் செய்வது தகுமா?" என்று கேட்கிறான். பார்ப்பவர்கள் மனத்தில் எழும் சந்தேகத்தை மேடையிலேயே எழுப்பி, அதற்குப் பாத்திரத்தின் வாயாலேயே பதில் வாங்கித் தரும் பதவி அவனுடையது. நம் முன்னோர் ரசிகனின் ஆட்சேபத்துக்கு நாடகத்துக்குள்ளேயே ஓர் ஆசனம் போட்டு வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் அந்த ஆசனத்தில் வியாழக்கிழமைதோறும் வெளியாகும் டி.ஆர்.பி. எண் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அது சொல்லும். எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள் என்பதைச் சொல்லாது.

முன்பு இப்படி இருந்ததில்லை. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' வந்தபோது, தண்டிப்பது காவல் தெய்வமா மனிதக் கையா என்னும் ஒரே கேள்வியை வாரக்கணக்கில் சுமந்து சென்று, அதற்கு விடையும் சொல்லி முடித்தார்கள். 2017இல் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடிய 'நந்தினி'யும், இந்தியிலிருந்து மொழிமாறி வந்த 'நாகினி'யும் மாயக் கதைக்கு இங்கே எத்தகைய பசி இருக்கிறது என்பதைக் காட்டின. அந்தப் பசியை நம்பி, முடிவைத் தீர்மானிக்காமலே தொடங்கி, எண் இறங்கும்வரை தினந்தோறும் இழுத்துச் செல்லும் வழக்கம் வேரூன்றியதுதான் துர்ப்பாக்கியம்.

அவசரமும் இதே பாவத்தைச் செய்யும். அமெரிக்காவின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் 2019இல் 6 அத்தியாயங்களே கொண்ட எட்டாம் பருவத்தோடு முடித்துவைக்கப்பட்டபோது, அடிமைகளை விடுவித்த டெனேரிஸ் சரணடைந்த நகரத்தை எரித்ததைக் கண்டு மனம் நொந்த ரசிகர்கள், கடைசிப் பருவத்தை மீண்டும் எடுக்கக் கோரும் மனுவில் 10 லட்சத்துக்கும் மேலாகக் கையொப்பமிட்டார்கள். அவள் கொடியவளானதைவிட, அவ்வாறு ஆன வழியைக் காட்டாமல் விட்டதே அவர்களில் பலரின் குறை. நெருப்பைக் கக்கும் நாகங்களை எட்டுப் பருவங்கள் ஒப்புக்கொண்டவர்கள்தாம் அவர்களும்.

ஆகவே நம் தொலைக்காட்சி நிலையங்களை நான் வேண்டுவது இதுதான்: மாயத்தொடர் தொடங்கும் அன்றே அது எத்தனை வாரம் என்று அறிவியுங்கள், நாகத்துக்கு எது முடியும், எது முடியாது என்று முதல் வாரத்திலேயே வகுத்து, அதை எழுதுகிறவர் மாறினாலும் மாற்றாதீர்கள், தினம் ஓர் அத்தியாயம் தருவது கதையைக் கெடுக்குமானால் பழையபடி வாரம் ஒன்று கொடுங்கள். திண்டிவனத்துப் பெண்கள் ஆறு நாள் பொறுத்திருக்க மாட்டார்களோ என்று அஞ்ச வேண்டாம். அடுத்த பாரதக் கூத்துக்கு ஆண்டு முழுவதும் காத்திருக்கிறவர்கள் அவர்கள்.